கண்ணாடிக்குள் வயல் நண்டு

மீன் காட்சியகத்துக்கு வருகிற சனங்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும், எந்தப் பாஷை பேசினாலும், கண்ணாடிக்கு முன்னால் நின்றதும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். இதைத் தின்னலாமா?

மலையில் சாமி பார்த்து, மொட்டை போட்டு, தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் வந்து நிற்கிற குடும்பமாக இருக்கும். ஜெல்லி மீன் மிதப்பதை வாய் பிளந்து பார்ப்பார்கள். நாலு போட்டோ எடுப்பார்கள். அப்புறம் வீட்டுப் பெரியவர் மெல்ல ரூபாவின் பக்கம் நகர்ந்து வந்து, பெருமாள் காதில் விழுந்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி, "இதி தினொச்சா அம்மா?" என்று தெலுங்கில் கேட்பார். தமிழ்க் குடும்பமென்றால், "இத சாப்புடுவாங்களா மேடம்?" நட்சத்திர மீனைக் கேட்டிருக்கிறார்கள். விலாங்கைக் கேட்டிருக்கிறார்கள். தொட்டி கழுவுகிற ஸ்பாஞ்சைக்கூட ஒருத்தர் கேட்டிருக்கிறார். மற்ற கைடுகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ரூபா சிரிக்க மாட்டாள். வயிறு படைத்தவன் வேறு எதைக் கேட்பான் என்பாள்.

ரூபாவுக்கு 'மச்ச லோகம்' என்கிற அந்தக் காட்சியகத்தில் கைடு வேலை. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற சாலையில் நீல வர்ணம் அடித்துக்கொண்டு நிற்கிற கட்டடம் அது. அவள் விலங்கியல் படித்தவள். சொந்த ஊர் சத்யவேடு பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. ஊர் என்றால் ஊருக்குள் இல்லை, ஏரிக்கரையைத் தாண்டி இருக்கிற காலனி. அம்மா செங்கம்மாவும் நைனா கங்கையாவும் அடுத்தவர் வயலில் காலமெல்லாம் நட்டு, களையெடுத்து, அறுத்து, இப்போதுதான் சொந்தமென்று ஒரு துண்டு நிலம் பார்த்திருக்கிறார்கள். மகளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை மகளே ஒப்புக்கொள்வாள்.

இந்த வருஷம் மச்ச லோகத்தில் குடும்பங்களுக்கென்றே ஒரு புதுப் பகுதி கட்டினார்கள். பலமனேரில் பால் வியாபாரம் செய்து பெரிய ஆளான சிட்டிபாபு என்பவர்தான் அதற்குப் பணம் கொடுத்தவர். பிள்ளைகள் கைவிட்டுத் தொட்டுப் பார்க்கிற நட்சத்திர மீன் தொட்டி, இருட்டறையில் மினுக்குகிற ஜெல்லி மீன், ஐஸ் பெட்டியில் விமானம் ஏறி வந்த வெளிநாட்டு லாப்ஸ்டர் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. கடைசியில் ஒரு மூலை காலியாக நின்றது. மேனேஜர் ஸ்ரீஹரி எல்லாரையும் கூப்பிட்டு, இந்த மூலைக்கு நம் மண்ணின் உயிர் ஏதாவது வேண்டும், யோசனை சொல்லுங்கள் என்றார். ரூபா சொன்னாள். வயலை வைக்கலாம் சார். சேறு, வரப்பு, நாற்று, கணுக்கால் தண்ணீர், அதில் நண்டும் நத்தையும். ஸ்ரீஹரிக்குப் பிடித்துப்போயிற்று. "சூப்பரம்மா" என்று மேசையைத் தட்டினார்.

நண்டு பிடிக்க ரூபாவே ஊருக்குப் போனாள். செங்கம்மா வரப்பில் குந்தி, வளைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் குடத்தில் போட்டாள். சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.

"ஏண்டி, இத்தப் பாக்கறதுக்கா டிக்கெட்டு வாங்கிக்கினு வருவாங்க? இங்க வரச் சொல்லு, நான் சும்மாவே காட்டறேன்."

"ஏசி ரூம்ல வெக்கப் போறாங்கம்மா."

"நண்டுக்கு ஏசியா. குடுத்து வெச்ச நண்டு."

கொடுத்துவைத்த நண்டுகள் தொட்டிக்கு வந்து சேர்ந்ததும் செய்த முதல் வேலை, வரப்பில் வளை தோண்டி உள்ளே போய் மறைந்ததுதான். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் சேறு தெரிந்தது. ஸ்ரீஹரி வந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா நண்டு?" என்று கவலையோடு கேட்டார். ரூபா சேற்றைப் பிசைந்து, வளையின் வாயை அடைத்துவிட்டு, பொறுங்கள் என்றாள். காலனிப் பிள்ளைகள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. உள்ளே மூச்சு முட்டினால் நண்டு வளையின் வாய்வரைக்கும் வந்தாக வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடைப்பை முட்டித் தள்ளிக்கொண்டு பெரிய நண்டு ஒன்று வெளியே வந்தது. இரண்டு கொடுக்கையும் தூக்கிப் பிடித்து, வந்தவனை ஒரு கை பார்க்கிறேன் என்கிற மாதிரி நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் சிட்டிபாபு தம் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்தார். வயல் தொட்டிக்கு முன்னால் வந்ததும் அவருடைய பேத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, உலகமெல்லாம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள். ரூபாவும் எப்போதும் சொல்கிற மாதிரி உள்ளதைச் சொன்னாள்.

"தின்னலாம் கண்ணு. எங்க வூட்டுல ரசம் வெப்பாங்க. மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் தட்டிப் போட்டு. சளி புடிச்சா எங்களுக்கு அதுதான் மருந்து."

சிட்டிபாபுவின் மனைவி குழந்தையின் கையைக் கண்ணாடியிலிருந்து வெடுக்கென்று இழுத்தாள். நண்டைத் தொட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வெறும் கண்ணாடியைத் தொட்ட கை அது. பையிலிருந்து ஏதோ திரவம் எடுத்து அந்தக் கையைத் தேய்த்துத் துடைத்துவிட்டாள். அப்புறம் ஸ்ரீஹரியிடம் தெலுங்கில், "இப்படிப்பட்டவங்களையெல்லாமா பேச வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். நண்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ரூபாவுக்கு அந்தத் துடைத்த கை மறக்கவே இல்லை. அவளுக்கு இது புதிதா என்ன. ஒன்பதாவது படிக்கும்போது ஹாஸ்டலில் அவளுக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டு, செங்கம்மா பஸ் ஏறி நண்டு ரசம் கொண்டுவந்தாள். அறைப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். வார்டனம்மா செங்கம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டுப்போய், இந்த மாதிரி அசிங்கமெல்லாம் இங்கே கொண்டுவராதே என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். அதற்கப்புறம் செங்கம்மா ஹாஸ்டலுக்கு வந்தபோதெல்லாம் சாம்பார் சோறுதான் கொண்டுவந்தாள். வீட்டில் தனக்கென்று ஒரு நாளும் பருப்பு வாங்காதவள் அவள்.

சாயந்திரம் ஸ்ரீஹரி தம் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர். பயந்தவர் செய்கிற கெடுதல் சில நேரம் கெட்டவர் செய்வதைவிடக் கூடுதலாகிவிடும், அவ்வளவுதான்.

"இங்க பாரு ரூபா, இது என்ன ஊரு? திருப்பதி. தரிசனம் முடிச்சிட்டு கோவிந்தா கோவிந்தான்னு வர்றாங்க. அவங்ககிட்டப் போய், இத நாங்க துன்றோம் அத நாங்க துன்றோம்னு சொல்லலாமா?"

"கேட்டாங்க சார், சொன்னேன்."

"கேட்டாலும் சொல்லக் கூடாது. வயலுக்கு நன்மை செய்யற உயிரினம். அத்தோட நிறுத்திக்கோ."

"அப்போ லாப்ஸ்டர் போர்டு?"

ஸ்ரீஹரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். லாப்ஸ்டர் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் பளபளவென்று ஒரு போர்டு வைத்திருந்தார்கள். 'உலகின் மிகப் பெரிய ஓட்டல்களில் ராஜ விருந்து' என்று எழுதி, வெண்ணெயில் வெந்த படம் வேறு போட்டிருந்தது.

"அதி வேற" என்றார்.

"என்ன சார் வேற? அதுக்கும் பத்து காலு, இதுக்கும் பத்து காலு. அதுவும் ஓடு, இதுவும் ஓடு. அத வெள்ளைக்காரன் துன்னா ராஜ விருந்து. இத எங்கம்மா துன்னா அசிங்கமா?"

"நான் அசிங்கம்னு சொன்னேனா?"

"நீங்க சொல்லல. அந்தம்மா கைய தொடச்சாங்களே, அப்போ நீங்க பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க."

ஸ்ரீஹரி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பதில் இல்லாத மேலதிகாரி என்ன செய்வார்? ஆணை போடுவார். எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவில் வயல் தொட்டி உண்டு, அவளும் அதன் பக்கத்தில் உண்டு. இல்லையென்றால் தொட்டியை மூடிவிட்டு, அடுத்த வாரம் சேற்றை வாரிக் கொட்டி, தங்க மீன் விடப்படும். உன் இஷ்டம் என்றார்.

"அந்த போர்ட எடுங்க சார், நானும் வாய மூடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரூபா எழுந்து வந்துவிட்டாள்.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தாள். ஏசியில் நின்று நின்று மூக்கு அடைத்து, குரல் கட்டியிருந்தது. நடந்ததையெல்லாம் கொட்டினாள். செங்கம்மா பயந்துபோனாள்.

"நண்டு கொழுத்தா வளையில தங்காதும்பாங்க. அந்தக் கதையா கீது உன் கதை. மாசம் பொறந்தா சம்பளம் வருது, பேன்ட்டு சட்ட போட்டுக்கினு மவராசி கணக்கா நிக்கற. எதுக்குடி வம்பு?"

"நான் எங்கம்மா கொழுத்தேன்? உள்ள மூச்சு முட்டுது, அத்தொட்டு வெளிய வரேன்."

"நாம துன்னறது அவுங்களுக்கு எதுக்குத் தெரியணும்? நாலு பேரு எதிர்ல இல்லன்னு சொன்னா நம்ம வயிறு இன்னா நெரம்பாம பூடுமா?"

"வயிறு நெரம்பும்."

 செங்கம்மா பேச்சை மாற்றி, "உனக்கு மூக்கடைச்சிக்கினு கீதே. நான் ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்ச லோகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் வாழை மரம், தோரணம், பெரிய பெருமாள் படம், ஊதுவத்திப் புகை. உள்ளே போனால் ஜெல்லி மீன் அறையில் குழந்தைகளின் கூச்சல். வயல் தொட்டியை மட்டும் மஞ்சள் துணி போட்டு மூடி, முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அவ்வளவு பெரிய மஞ்சள் மூட்டையை யாருக்குத்தான் தெரியாமல் போகும்? வருகிறவன் போகிறவன் எல்லாம் அதற்குள் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ரூபாவை வாசலில் நிறுத்தியிருந்தார் ஸ்ரீஹரி. அங்கே அவளுக்கு என்ன வேலை தெரியுமா? இந்த ஊருக்கு வருகிற சனங்களுக்கு, பெருமாள் படமும் ஊதுவத்தியும் கண்ணில் பட்டால் கால் தானாகச் செருப்பை உதறிவிடும். மீன் பார்க்க வந்தவர்கள் வாசலில் மலைபோலச் செருப்பைக் குவித்துவிட்டு, ஈரத் தரையில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டே உள்ளே போங்கள் என்று சொல்வதற்கு ஆள் வேண்டும். டிகிரி படித்தவள் அதைச் சொல்லிக்கொண்டு நின்றாள். சளியில் கட்டிய தொண்டையோடு, தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. கோபம் உச்சந்தலைக்கு ஏறி நின்றது.

செங்கம்மா வந்தாள். நல்ல புடவை, தலையில் கனகாம்பரம், கையில் வயர் கூடை. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினாள்.

"நம்ம நண்டு எங்கடி?"

"மூடி வெச்சிட்டாங்கம்மா."

"நீ இன்னா வாசல்ல நின்னுக்கினு கீற?"

ரூபா அம்மாவின் செருப்பை எடுத்துக் கையில் கொடுத்தாள். "போட்டுக்கினு வா. இது கோயில் இல்ல" என்றாள். வாசலை அப்படியே விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

லாப்ஸ்டர் தொட்டிக்கு முன்னால் கைடு பரணி மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். யாரோ கேட்டிருப்பார்கள் போல. "ஓ, தாராளமா சாப்பிடுவாங்க சார். பாரிஸ், நியூயார்க் எல்லா இடத்துலயும் இதுக்காக க்யூவுல நிப்பாங்க" என்றான். கூட்டம் ஆவென்று வியந்தது. பக்கத்திலேயே சிட்டிபாபுவும் அவர் மனைவியும் ஸ்ரீஹரியும் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருடைய கையையும் துடைத்துவிடவில்லை.

செங்கம்மா மஞ்சள் துணியைப் பார்த்து நின்றாள். "இன்னாடி இது, புள்ள பெத்தவள மறைக்கற மாதிரி துணி கட்டிக்கீறாங்க?" என்றாள்.

பரணியின் பேச்சோடு அம்மா கேட்ட இந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. ரூபா பூந்தொட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே நாற்று பச்சையாக நின்றது, நத்தைகள் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. திடீரென்று வந்த வெளிச்சத்தில் பெரிய நண்டு வளையின் வாயிலேயே கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

மூடியிருந்ததைத் திறந்தால் கூட்டம் சேராமல் இருக்குமா? லாப்ஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ரூபா மைக் இல்லாமலே பேசினாள். இரண்டு பாஷையிலும் பேசினாள்.

"இது வயல் நண்டு. எங்க ஊரு வரப்புல எங்கம்மா கையால புடிச்சது. இதோ நிக்கறாங்களே, இவங்கதான். இத மூடி வெச்சதுக்கு காரணம், இது கடிக்கும்னு இல்ல. இத நாங்க துன்னுவோம்னு நான் சொன்னேன், அதான் காரணம்."

"ரூபா" என்று ஸ்ரீஹரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வேர்த்திருந்தது. வந்தவர் சட்டென்று நின்று மூக்கை உறிஞ்சினார். மிளகும் பூண்டும் நண்டும் சேர்ந்து கொதித்த வாசனை ஒன்று செங்கம்மாவின் வயர் கூடையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பஸ் குலுக்கலில் கேரியர் லேசாகத் தளும்பியிருந்தது.

செங்கம்மா வேண்டுமென்று கொண்டுவரவில்லை ஐயா. வம்புக்கும் வழக்குக்கும் ஆகாத பெண்பிள்ளை அவள். சளி பிடித்த மகளைப் பார்க்கப் போகிற தாய், கை அறிந்த மருந்தை வைத்துக் கேரியரில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். எந்தக் கட்டடத்துக்குள் கொண்டுபோகிறோம் என்று பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. அப்போது பஸ்ஸிலிருந்து கொட்டவும் மனசு வரவில்லை.

"அதுல என்னம்மா?" என்று ஸ்ரீஹரி கேட்டார்.

செங்கம்மா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சிட்டிபாபுவின் மனைவியைப் பார்த்தாள், மகளின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தாள்.

"சாம்பார் சோறு சாரு."



"நாங்கள்லாம் இத துன்றதில்ல சாரு" என்று செங்கம்மா தொடர்ந்தாள். "அவ சின்னப் பொண்ணு. ஏதோ வாய்க்கு வந்தத சொல்லிட்டா. மனசுல வெச்சிக்காதீங்க. வேலைய மட்டும் எடுத்துடாதீங்க."

ஸ்ரீஹரிக்கு மூச்சு வந்தது. அவர் முட்டாள் இல்லை, கேரியரில் என்ன இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிட்டது. ஆனாலும் தப்பிக்க ஒரு வழி கிடைத்தால் யார் விடுவார்கள்? "பார்த்தியா ரூபா, உங்கம்மாவே சொல்றாங்க" என்றார் கனிவாக. "அவ்வளவுதான். தமாஷுக்குச் சொன்னேன்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு. துணிய மறுபடி போடல, தொட்டியும் இருக்கும், நீயும் இரு. போதுமா?"

போதும் என்று சொல்லியிருக்கலாம். தொட்டி கிடைக்கிறது, வேலை கிடைக்கிறது, அம்மாவின் பயமும் தீர்கிறது. கூட்டம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ரூபா அம்மாவைப் பார்த்தாள். ஹாஸ்டல் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அதே நிற்பு. அன்றைக்கும் இதே மாதிரி கூடையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நின்றாள்.

"தமாஷ் இல்ல சார்" என்றாள் ரூபா. "எங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சாம்பார் சோறுங்கற இந்த ஒரு பொய்ய மட்டும் நல்லா கத்துக்கினு இருக்காங்க. கத்துக்குடுத்தது உங்கள மாதிரி படிச்சவங்கதான். நாங்க நண்டு துன்னுவோம். நத்தையும் துன்னுவோம். கூலி இல்லாத மாசத்துல இதுதான் எங்க உசுர வெச்சிக்கினு இருந்தது. கேக்கறவங்ககிட்டல்லாம் சொல்லுவேன்."

 ஒரு குடும்பம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜெல்லி மீன் பக்கம் நகர்ந்தது. ஒரு பெரியவர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், எங்கள் ஊரிலும் உண்டு என்று மெல்லச் சொன்னார். சிட்டிபாபு தம் மனைவியைப் பார்த்தார், மனைவி ஸ்ரீஹரியைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஸ்ரீஹரிக்குப் போதுமானதாக இருந்தது.

"சரி. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார்.

"நாளைக்குத் திங்கக்கெழம சார். எப்படியும் லீவு. செவ்வாக்கெழம வருவேன். இதே எடத்துல நின்னு இதேதான் சொல்லுவேன். என்னை நிறுத்தணும்னா முதல்ல அந்த லாப்ஸ்டர் போர்ட எறக்குங்க. என்ன காரணத்துக்காக நிறுத்தினீங்கன்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். எல்லார் கையிலயும் போன் இருக்குது."

சும்மா மிரட்டலுக்குச் சொன்னதல்ல. நாலைந்து போன்கள் ஏற்கெனவே தூக்கிப் பிடித்தபடி இருந்தன. ஸ்ரீஹரி கீழே கிடந்த மஞ்சள் துணியை எடுத்தார். தொட்டியின் மேல் போடப் போனவர், அத்தனை போனையும் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அப்போதுதான் ஒரு குட்டிப் பெண், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து முன்னால் வந்தாள். இங்கே நடக்கிற எதுவும் அவளுக்குத் தெரியாது. நண்டைப் பார்த்தாள், கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். பக்கத்தில் நின்றவள் செங்கம்மா. அவளுடைய புடவையைப் பிடித்து இழுத்து, பாட்டி என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"அவ்வா, இதி தினொச்சா?"

செங்கம்மா குனிந்து அந்தக் குழந்தையைப் பார்த்தாள். கண்ணாடியில் பதிந்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். இழுத்துத் துடைத்துவிட யாரும் வரவில்லை, குழந்தையின் தாய் பின்னால் நின்று நண்டைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் செங்கம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். வயர் கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள். கேரியரின் கொக்கியைத் தட்டித் திறந்தாள். வாசனை குப்பென்று கிளம்பியது.

"தினொச்சு தல்லி, தின்னலாம்" என்றாள் குழந்தையிடம். ஸ்ரீஹரியின் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை தலை குனியவில்லை.

"சாரு, சாம்பார் சோறுன்னு சொன்னது பொய்யி. இது நண்டு ரசம். நான் வெச்சது. இத்தத் துன்னுதான் எம் பொண்ணு படிச்சா. இத்தத் துன்னுதான் உங்க எதிர்ல நின்னு பேசறா."

சொல்லிவிட்டு, கேரியர் மூடியில் ரசத்தை ஊற்றி மகளிடம் நீட்டினாள்.

"குடி. தொண்ட கட்டிக்கினு கீது. செவ்வாக்கெழம பேசணும் இல்ல."